ஸ்விங், ஷஃபிள்: பீட் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரின் அல்சூர், கம்மனஹள்ளி, ஸ்ரீராமபுரம் பக்கங்களில் லேப்டாப்பில் பீட் போடும் நம்மவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் சர்ச் கொயரில் கீபோர்ட் வாசிப்பவர்கள் உண்டு, சின்ன வயதில் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்டவர்கள் உண்டு, ஐடி வேலை முடிந்து ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. எந்த சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் பதில்கள் பொருந்தும்.

ஸ்விங் நாபைத் திருப்பினால் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு பீட்டை நான்காகப் பிரித்தால் நான்கு சிக்ஸ்டீன்த் நோட். அவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேருங்கள். ஜோடியில் முதல் நோட் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது கொஞ்சம் தாமதமாக விழும். ஸ்விங் என்பது அந்தத் தாமதத்தின் அளவு மட்டுமே.

அளவைச் சதவீதத்தில் சொல்வது வழக்கம். ஜோடியின் மொத்த நேரத்தில் முதல் நோட்டுக்கு எவ்வளவு பங்கு என்பதே அந்த எண். 50 என்றால் பாதிப் பாதி, ஸ்விங்கே இல்லை. 66.7 என்றால் முதலாவதற்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு. 75 என்றால் மூன்றுக்கு ஒன்று. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) ஒரு ஜோடி 250 மில்லிசெகண்ட். 58 சதவீதம் வைத்தால் முதல் நோட் 145 எடுத்துக்கொள்ளும், அடுத்தது 20 மில்லிசெகண்ட் பிந்தி வரும்.

இந்த ஏற்பாட்டை டிரம் மெஷினுக்குள் கொண்டுவந்தவர் ரோஜர் லின். 1980இல் வந்த அவருடைய எல்எம்-1இல் தொடங்கி, அக்காய் நிறுவனத்துக்காக வடிவமைத்த 1988இன் எம்பிசி60 வரை அதே கணக்குதான். எம்பிசி60 ஒரு பீட்டை 96 டிக்காக வெட்டும். அப்படியானால் ஒரு ஜோடிக்கு 48 டிக், ஒரு டிக் ஏறக்குறைய 2 சதவீதம். பழைய மெஷின்களில் 50, 52, 54 என்று எண் தாவுவது இதனால்தான். 57க்கும் 58க்கும் நடுவில் அங்கே இடமே கிடையாது.

உங்கள் சாஃப்ட்வேரில் 0 முதல் 100 வரை எழுதியிருந்தால் அது வேறு அளவுகோல். அங்கே 58 வைத்துவிட்டு எம்பிசியின் 58 வரவில்லை என்று வருத்தப்பட வேண்டாம்.

ஸ்விங்கும் ஷஃபிளும் ஒன்றுதானா?

மெஷின்களில் பெரும்பாலும் ஒன்றுதான். எம்பிசி ஸ்விங் என்கிறது, 1983இல் வந்த ரோலண்ட் டிஆர்-909 ஷஃபிள் என்கிறது. (1980இன் 808இல் இந்த வசதியே இல்லை.) வாசிப்பவர்களின் பேச்சில் ஷஃபிள் என்றால் ப்ளூஸ் பாணியில் டிரிப்லெட்டின் (ஒரு பீட்டை மூன்றாகச் சமமாகப் பிரித்தது) முதல், மூன்றாவது அடிகளைத் தொடர்ந்து உருட்டும் ஒரு தாளம், அதுவும் எய்ட்த் நோட்டில். ஸ்விங் அதைவிட அகலமான சொல், லேசான சாய்விலிருந்து முழு டிரிப்லெட் வரை எல்லாம் அதில் அடங்கும்.

அண்ணா, நாபை முழுசா திருப்பிட்டேன், ஒண்ணுமே மாறலையே?

கிக் நான்கு பீட்டிலும், ஹை-ஹேட் இரண்டு பீட்டுக்கு நடுவிலும், கிளாப் இரண்டாவது நான்காவது பீட்டிலும் போட்டிருப்பீர்கள். இதில் எதுவுமே ஜோடியின் இரண்டாவது சிக்ஸ்டீன்த்தில் இல்லை. நகர்த்துவதற்கு நோட் இல்லாதபோது நாப் எதை நகர்த்தும்?

ஹேட்டைப் பதினாறாக நிரப்புங்கள், அல்லது ஸ்னேருக்கு முன்னால் ஜோடியின் இரண்டாவது இடத்தில் ஒரு மெல்லிய கோஸ்ட் நோட் வையுங்கள். உடனே தெரியும். சில ஹவுஸ் பாட்டுகளில் ஸ்விங் முழுவதையும் ஒரே ஒரு ஷேக்கர் சுமந்துகொண்டு போகும். அதை மியூட் செய்தால் மொத்தப் பாட்டும் நேராகிவிடும்.

இதே சிக்கல் 140 பிபிஎம்மில் டிராப் (trap) பாணி பீட் போடுகிறவர்களுக்கு இன்னொரு உருவில் வரும். காது அதை 70 என்றுதான் கேட்கிறது. நீங்கள் எய்ட்த் நோட்டில் போடும் ஹேட் கேட்பவருக்கு சிக்ஸ்டீன்த். ஆகவே ஸ்விங்கின் அடித்தளத்தை எய்ட்த்துக்கு மாற்ற வேண்டும். ஏபில்டன் லைவ் சாஃப்ட்வேரில் க்ரூவ் பூலில் இருக்கும் பேஸ் (Base) என்ற இடம் இதற்குத்தான்.

எவ்வளவு வைக்கலாம்?

என் கணக்கு இது, சட்டமல்ல. நேரான டெக்னோவுக்கு 50இலேயே விடுங்கள். ஹவுஸுக்கு 54 முதல் 58. நடக்கிற வேக ஹிப்-ஹாப்புக்கு 58 முதல் 62. யூகே கராஜ் மாதிரி துள்ள வேண்டுமென்றால் 60க்கு மேல். 66ஐத் தாண்டினால் இலக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். 54ஐ யாரும் "இது ஸ்விங்" என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் எடுத்துவிட்டால் ஏதோ குறைகிறது என்பார்கள். புதியவர்கள் 54ஐ மதிப்பதில்லை, நேரே 66க்குப் போய்விடுகிறார்கள். அங்கே போனால் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலக் குதிரை நடை போடும்.

நான் கொஞ்ச நாள் மிருதங்கம் கத்துக்கிட்டேன். இது நடை மாதிரியே இருக்கே?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வியும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஒரு ஜோடியின் நேரத்தைச் சம அட்சரங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாகப் பிரித்து முதல் நோட்டுக்கு இரண்டு கொடுத்தால் 66.7 சதவீதம், அது திஸ்ரம். நான்காகப் பிரித்து மூன்று கொடுத்தால் 75, சதுஸ்ரம். ஐந்தில் மூன்று கொடுத்தால் 60, கண்டம். ஏழில் நான்கு கொடுத்தால் 57.1, மிஸ்ரம். ஒன்பதில் ஐந்து கொடுத்தால் 55.6, சங்கீர்ணம். ஐந்து ஜாதிகளும் 50க்கும் 75க்கும் நடுவில் வரிசையாக உட்கார்ந்துவிடுகின்றன. எம்பிசியின் ஸ்விங் எல்லையும் அதே 50 முதல் 75தான்.

பெயர் பெற்ற 62க்கும் ஒரு வழி இருக்கிறது. 48 டிக்கில் 62 சதவீதத்தை முழு எண்ணாக்கினால் 30. மிச்சம் 18. முப்பதுக்குப் பதினெட்டு என்றால் ஐந்துக்கு மூன்று, அதாவது எட்டு அட்சரத்தை ஐந்தும் மூன்றுமாக உடைப்பது. தனி ஆவர்த்தனத்தில் எட்டை இப்படி உடைத்துக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

ரோஜர் லின் ஜாதி பார்த்து எண் வைத்தார் என்று நான் சொல்லவில்லை, அவை கடிகார டிக்கிலிருந்து பிறந்த எண்கள். ஆனால் நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்கட்டு இந்த எண்களுக்குக் கைப்பிடியாகிறது. 58 என்று திரையில் பார்ப்பதற்கும், "ஏழில் நான்கும் மூன்றும்" என்று உடம்பில் வைத்துக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 57.1க்கும் 58க்கும் உள்ள இடைவெளி 120 பிபிஎம்மில் சுமார் 2 மில்லிசெகண்ட்தான், பழகுவதற்கு அது தடையாகாது.

ஒரு எச்சரிக்கை. கண்டத்தை நாம் வழக்கமாகச் சொல்வது "தக தகிட", இரண்டும் மூன்றும். மிஸ்ரம் "தகிட தகதிமி", மூன்றும் நான்கும். இரண்டிலும் குட்டை முன்னால், நெட்டை பின்னால். ஸ்விங்குக்கு நெட்டை முன்னால் வர வேண்டும். ஆகவே "தகிட தக", "தகதிமி தகிட" என்று திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். திருப்பாமல் அப்படியே சொன்னால் கண்டம் 40 சதவீதமாகவும் மிஸ்ரம் 43 சதவீதமாகவும் ஆகி, இரண்டாவது நோட் அவசரப்பட்டு முந்தும். அதுவும் ஒரு சுவைதான், பல மெஷின்கள் அனுமதிக்காது என்பதே குறை.

இந்த ஊரில் ஜாஸும், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலும் சந்திப்பது புதிதில்லை. டி.ஏ.எஸ். மணியின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், ஆர்.ஏ. ரமாமணியின் குரலோடு, அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் சேர்ந்து வாசித்த ஆல்பம் 1983இல் இசிஎம் என்ற இசை நிறுவனம் வழியாக வெளிவந்தது. தேடிக் கேளுங்கள்.

அதை எப்படிப் பழகுவது?

மெட்ரோனோமை 40இல் வையுங்கள். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு முழு ஜோடி. ஒரு கிளிக்குக்குள் "தகிட தக" சொல்லுங்கள், ஐந்து அட்சரமும் சமமாக. இரண்டு சொல்லின் முதல் "த"விலும் கை தட்டுங்கள். 60க்கு ஏற்றுங்கள், பிறகு 80. 80இல் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தொடருங்கள். அங்கிருந்து மெதுவாக 180 வரை. கிளிக் 180 ஆகும்போது நீங்கள் 90 பிபிஎம் பாட்டின் சிக்ஸ்டீன்த்தை 60 சதவீத ஸ்விங்கில் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பர்ப்பிள் லைனில் அல்சூரில் ஏறி மெஜஸ்டிக் போகும் நேரம் இதற்குப் போதும். தொடையில் தட்டினால் பக்கத்தில் இருப்பவர் முறைக்க மாட்டார்.

குத்து பீட்டுக்கு 66 வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. நம் குத்துப் பாட்டுகள் பலவும் ஓடுவது திஸ்ர நடையில். பறையிலும் தவிலிலும் மூன்று அடிகளும் விழும், நடு அடி உட்பட. ஸ்விங் 66 உங்களுக்குக் கொடுப்பது முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே. நடு அடி வைக்க கிரிட்டில் இடமே இல்லை. அதைக் கையால் இழுத்துத் திணித்தால் அடுத்த முறை க்வான்டைஸ் செய்யும்போது (நோட்டுகளைக் கிரிட்டுக்கு இழுக்கும்போது) காணாமல் போகும்.

கிரிட்டை டிரிப்லெட்டுக்கு மாற்றுங்கள், அல்லது புராஜெக்ட்டையே 12/8இல் தொடங்குங்கள். ஸ்விங்கை அணைத்துவிடுங்கள். பிறகு நடு அடியின் வெலாசிட்டியை, அதாவது அடியின் பலத்தை, குறைத்துக் கூட்டி விளையாடுங்கள், குத்தின் குணம் பெருமளவு அங்கேதான் இருக்கிறது. நேரில் வாசிப்பவர்களை ரெக்கார்ட் செய்ய வாய்ப்பிருந்தால் இன்னும் நல்லது. அவர்களுடைய மூன்று அடிகளும் கணக்காக மூன்றில் ஒன்றாக இருக்காது. அந்த இடைவெளியை ஏபில்டனில் எக்ஸ்ட்ராக்ட் க்ரூவ் போட்டு எடுத்து உங்கள் டிரம் சத்தங்களுக்குப் போர்த்தலாம்.

90இல் நன்றாக இருந்த ஸ்விங் 174இல் ஏன் நொண்டுகிறது?

58 சதவீதம் 90 பிபிஎம்மில் சுமார் 27 மில்லிசெகண்ட் தாமதம். 174இல் அது 14தான். தாமதம் குறைகிறது, ஆனால் இரண்டாவது நோட்டுக்குக் கிடைக்கும் மொத்த நேரமும் சுருங்கி, அடுத்த நோட்டோடு முட்டிக்கொள்கிறது. வாசிக்கிற மனிதர்கள் வேகம் கூடும்போது தாமாகவே விகிதத்தைக் குறைத்துவிடுகிறார்கள். ஆண்டர்ஸ் ஃப்ரீபெர்க், ஆண்ட்ரியாஸ் சுண்ட்ஸ்ட்ரோம் இருவரும் ஜாஸ் டிரம்மர்களின் ரைடு சிம்பலை அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவான பாட்டுகளில் 3.5க்கு ஒன்று வரை போகும் விகிதம் மிக வேகமான பாட்டுகளில் ஒன்றுக்கு ஒன்றை நெருங்கியது. நடுத்தர வேகத்திலிருந்து மேலே குட்டை நோட் ஏறக்குறைய 100 மில்லிசெகண்டிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே டெம்போவை ஏற்றினால் ஸ்விங்கை இறக்குங்கள். மெஷின் தானாகச் செய்யாது.

எல்லா டிராக்குக்கும் ஒரே அளவா?

முதலில் ஒரே அளவில் தொடங்குங்கள். பேஸ் லைன் கட்டாயம் கிக்கோடும் ஹேட்டோடும் ஒத்துப்போக வேண்டும். ஹேட் 60இலும் பேஸ் 50இலும் இருந்தால், இரண்டும் ஒரே இடத்தில் வரவேண்டிய நோட்டில் இரட்டைச் சத்தம் கேட்கும். கோர்ட் பேட் மாதிரி நீண்ட சத்தங்களுக்கு அவசியமில்லை.

கை பழகிய பிறகு மீறலாம். ஷேக்கர் 62, ஹேட் 56, இரண்டும் ஒரே நேரத்தில் விழாதபடி அடுக்கினால் பீட்டுக்குத் தடிமன் கிடைக்கும்.

டவுன்லோட் செய்த பெர்கஷன் லூப்பைச் சேர்த்ததும் தடுமாறுகிறது.

லூப்பில் ஏற்கெனவே ஒரு ஸ்விங் இருக்கும். அதன்மேல் உங்கள் ஸ்விங்கையும் போட்டால் இரண்டு மடங்கு. லூப்பை எஜமானாக வையுங்கள். அதிலிருந்து க்ரூவை எடுத்து உங்கள் மிடி நோட்டுகளுக்குக் கொடுங்கள். லூப் பிடிக்கவில்லை, அதன் சத்தம் மட்டும் பிடித்திருக்கிறது என்றால் அடி அடியாக ஸ்லைஸ் செய்து நீங்களே அடுக்குங்கள்.

ஹ்யூமனைஸ் பட்டன் இருக்கும்போது ஸ்விங் எதற்கு?

ஹ்யூமனைஸ் நோட்டுகளைத் தாறுமாறாக முன்னும் பின்னும் தள்ளும். ஸ்விங் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே அளவு தள்ளும். கேட்பவரின் தலை ஆடுவது அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிவதால்தான், தாறுமாறில் அது நடக்காது. நல்ல டிரம்மர் சீரற்றவர் என்பது கம்ப்யூட்டர்காரர்களின் கற்பனை. அவர் ஒரே மாதிரிதான் வளைக்கிறார், ஒவ்வொரு பாரிலும்.

ஜே டில்லா எத்தனை சதவீதம் வைத்தார்?

ஒரு எண்ணில் அடங்காது. ஜே டில்லா என்பவர் டெட்ராய்டின் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜேம்ஸ் யான்சி, 2006இல் 32 வயதில் இறந்தவர். அவருடைய எம்பிசி3000 இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் செய்தது ஒரு சத்தத்தை நேராகவும் இன்னொன்றை ஸ்விங்கிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டது, கூடவே தனித்தனிச் சத்தங்களைக் கொஞ்சம் முன்னேயும் பின்னேயும் நகர்த்தியது. ஸ்னேர் சற்று முந்தும், கிக் சறுக்கும், ஹேட் நேராக நிற்கும்.

முயற்சி செய்ய விரும்பினால் ஹேட்டை 50இல் வையுங்கள், கிக்கை 60 ஸ்விங்கில், ஸ்னேர் டிராக்கை மட்டும் டிராக் டிலே வழியாக 10 மில்லிசெகண்ட் முன்னால் இழுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் கேளுங்கள்.

ஸ்விங் வைத்தும் விறைப்பாகவே இருக்கிறது.

எல்லா ஹேட்டும் 127 வெலாசிட்டியில், அதாவது உச்ச பலத்தில், இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். ஜோடியின் இரண்டாவது அடியைப் பாதியாகக் குறையுங்கள். அடுத்து நோட்டின் நீளம்: பேஸில் முதல் நோட்டை அடுத்தது வரும்வரை இழுக்காமல் கொஞ்சம் முன்பே வெட்டினால் நடுவில் காற்று வரும், ஸ்விங் அங்கேதான் காதில் விழும். இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் பேட்டர்னில் நோட் அதிகம். நான்கைந்தை அழியுங்கள்.

10 மில்லிசெகண்ட் எல்லாம் காதுக்குத் தெரியுமா? சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவே அவ்வளவு ஆகுமே?

ஆகும், 10 மில்லிசெகண்டில் சத்தம் சுமார் 3.4 மீட்டர் போகிறது. ஆனால் கிக்கும் ஹேட்டும் சேர்ந்தே தாமதமாகின்றன, அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளி மாறுவதில்லை. காது அந்த இடைவெளியைத்தான் பிடிக்கிறது.

டிலே, ஆர்ப்பெஜியேட்டர், வெளியிலிருந்து இணைக்கும் மெஷின்?

சிக்ஸ்டீன்த்தில் வைத்த டிலே எஃபெக்ட் ஸ்விங்கை மதிக்காது, நேராகவே எதிரொலிக்கும். எய்ட்த்துக்கு மாற்றினால் சண்டை தீரும். ஆர்ப்பெஜியேட்டரில் தனி ஸ்விங் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளி மெஷினை மிடி கிளாக்கில் ஓட்டினால், கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும், எல்லாம் சம இடைவெளியில். ஸ்விங் தகவல் அதில் போகாது. அந்த மெஷினிலும் தனியாக வைக்க வேண்டும், இரண்டின் அளவுகோலும் வேறாக இருந்தால் எண்ணை மறந்து காதால் பொருத்த வேண்டும்.

பேடில் விரலால் தட்டி ரெக்கார்ட் செய்தால் எல்லாம் பிந்தி விழுகிறது.

ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். வயர் போட்டது ஒன்று எடுங்கள், ஆடியோ பஃபரைக் குறையுங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் போட முடியாத அபார்ட்மென்ட்வாசிகளுக்கு இது அடிக்கடி வரும்.

இந்திராநகரில் ஒரு செட் வாசிக்கப் போகிறேன். ஸ்விங் வேறுபட்ட இரண்டு டிராக்கை மிக்ஸ் செய்யும்போது ஹேட்கள் இடிக்கின்றன.

பிபிஎம் பொருந்தியிருந்தாலும் இது நடக்கும். ஒன்று 50, மற்றது 62 என்றால் 120இல் 30 மில்லிசெகண்ட் வித்தியாசம், சிங்க் பட்டனுக்கு அது தெரியாது. இரண்டு ஹேட்டையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள். வெளியேறும் டிராக்கின் உயர் ஒலிகளை (ஹை) ஈக்யூவில் முழுவதும் வெட்டிவிட்டுப் புதியதை உள்ளே விடுங்கள். கிக் இரண்டிலும் பீட்டில்தான் விழும், அவை முட்டாது. ஸ்விங் அதிகமுள்ள டிராக்கின் ஷேக்கர் தனியாக வரும் எட்டு பார் ஏதாவது இருந்தால் அங்கே கியூ பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள்.